தலை எண்ணினால் போதுமா?

பெண்கள் இத்தனை சதவீதம், மாற்றுத்திறனாளிகள் இத்தனை பேர் என்று ஆண்டறிக்கைகள் பெருமை பேசுகின்றன. யார் நிலைக்கிறார்கள், யார் மேலே போகிறார்கள், யார் வாசலோடு திரும்புகிறார்கள்?

இந்தியாவில் பெண்களுக்கு அதிகமாக வேலை கொடுக்கும் ஆலைகளைப் பட்டியல் போட்டால், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். அங்கே வேலை செய்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் பெண்கள். ஆர்டர் குவியும் மாதங்களில் மொத்த ஆள்பலம் 45,000 வரை போயிருக்கிறது. பணியிடப் பன்மைத்துவத்துக்கு மார்க் போடச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு முதல் வகுப்பு கொடுத்துவிடலாம்.

2024 ஜூன் மாதம் அதே ஆலையைப் பற்றி ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. திருமணமான பெண்களை ஐபோன் அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு, கழற்ற முடியாத நகை என்று காரணங்களை அடுக்கியவர்கள் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்களும் நிறுவனத்தின் முன்னாள் எச்.ஆர். ஆட்களும். பாகுபாடு காட்டவில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள்தான் என்று நிறுவனம் அரசுக்கு விளக்கம் கொடுத்ததாகவும் செய்தி வந்தது. சில மாதங்கள் கழித்து, வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை எதையும் போடாதீர்கள் என்று ஏஜென்சிகளுக்கு உத்தரவு போயிருப்பதாக ராய்ட்டர்ஸ் மறுபடி எழுதியது.

70 என்பது சரி. 25-ம் சரியாகவே இருக்கட்டும். கழுத்தில் தாலியோடு வேலை கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரை உள்ளே விட்டார்கள்? இந்தக் கேள்விக்கு அந்த இரண்டு எண்களிலும் பதில் இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவர் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறுவதில்லை. கம்பெனிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஏஜென்சி உட்கார்ந்திருந்தால், கம்பெனியே நினைத்தாலும் அந்தக் கணக்கை எடுக்க முடியாது.

திருமணத்தைக் காரணம் காட்டுவது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1981-ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேலையில் சேர்ந்து 4 ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை மட்டும் விட்டுவைத்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் மற்ற மாநிலங்களைவிட அதிக அக்கறை இருக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கான 2019-20 ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஆலை வேலை பார்க்கும் பெண்களில் 43 சதவீதம் பேர் இங்கேதான் இருக்கிறார்கள். இந்தப் பெருமையை மேடைதோறும் கேட்கிறோம். அந்தப் பெண்கள் எத்தனை வயதில் உள்ளே வந்து எத்தனை வயதில் வெளியே போகிறார்கள் என்று மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

செபி கேட்கும் கேள்விகள்

நிறுவனங்களைக் கணக்குக் காட்ட வைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு சந்தை மதிப்பில் முன்னால் நிற்கும் முதல் 1,000 நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல், ‘பிசினஸ் ரெஸ்பான்சிபிலிட்டி அண்ட் சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட்’ என்ற அறிக்கை ஒன்றை ஆண்டறிக்கையோடு தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. பி.ஆர்.எஸ்.ஆர். என்பது அதன் சுருக்கம். கரியமில வாயு, தண்ணீர்ச் செலவு, குப்பை என்று பல பக்கங்கள் ஓடும் அந்த அறிக்கைக்குள்தான் பணியாளர் கணக்கு ஒளிந்திருக்கிறது.

முன்பக்கத்து வண்ணப் படங்களைத் தாண்டி அந்த அட்டவணைகளுக்குப் போகிறவர்கள் குறைவு. ஆண், பெண், மாற்றுத்திறனாளி எண்ணிக்கையோடு செபி நிறுத்திக்கொள்ளவில்லை. நிரந்தரப் பணியாளர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதத்தை ஆண், பெண் தனித்தனியாக, 3 ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கேட்கிறது. மகப்பேறு விடுப்பில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் இருக்கிறார்கள் என்று கேட்கிறது. ஆண்களின் நடுநிலைச் சம்பளம் எவ்வளவு, பெண்களுடையது எவ்வளவு என்று கேட்கிறது. எல்லாச் சம்பளத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் சரியாக நடுவில் வருவதுதான் நடுநிலைச் சம்பளம். ஒன்றிரண்டு பெரிய தலைகளின் கோடிகள் அதை அசைக்காது. 2023-ல் செபி இன்னொரு வரியையும் சேர்த்தது: கொடுத்த மொத்தச் சம்பளத்தில் பெண்களுக்குப் போன பங்கு எவ்வளவு?

விலகல் விகிதம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் 1,000 பேர். 700 ஆண்கள், 300 பெண்கள். அந்த ஆண்டு 100 ஆண்களையும் 100 பெண்களையும் எடுக்கிறார்கள். 110 ஆண்களும் 90 பெண்களும் விலகுகிறார்கள். ஆண்டு முடிவில் 690 ஆண்கள், 310 பெண்கள். பெண்கள் பங்கு 30-லிருந்து 31 சதவீதமாக ஏறிவிட்டது என்று சேர்மன் உரையில் ஒரு வரி வரும். கைதட்டலாம். ஆனால் ஆண்களில் விலகியவர்கள் சுமார் 16 சதவீதம். பெண்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம். ஒரு பங்கு ஆண்கள் போனால் இரண்டு பங்கு பெண்கள் போகிறார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி, மட்டம் ஏறுகிறது என்று சந்தோஷப்படுகிற கதைதான் இது. ஊற்றுவதை நிறுத்திய அடுத்த ஆண்டே மட்டம் இறங்கிவிடும்.

உண்மையான அறிக்கைகளில், சேர்மன் உரையில் வரும் பெண்கள் பங்கும் அட்டவணையில் இருக்கும் விலகல் விகிதமும் பல பக்கங்கள் தள்ளித் தள்ளி இருக்கும். யாரும் மறைக்கவில்லை, சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பாலியல் தொல்லைப் புகார் எண்ணிக்கையையும் இதே அறிக்கையில் சொல்ல வேண்டும். 2013-ம் ஆண்டு சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்பதைச் சொல்வதும் ஆண்டறிக்கை வழக்கம். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் நிறுவனம் ‘புகார்கள்: இல்லை’ என்று அச்சிட்டால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வரியில் மட்டும், எண் கொஞ்சம் இருப்பது பூஜ்யத்தைவிட மேல்.

மனைவி, மகள், மருமகள்

எதை அளக்கிறோமோ அதை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை அப்படியே விடும் சாமர்த்தியம் நம் நிறுவனங்களுக்கு நன்றாகவே வரும். பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் போர்டிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொன்னது. கெடு நெருங்க நெருங்க, முதலாளிகளின் மனைவி, மகள், மருமகள் பெயர்கள் போர்டு பட்டியலில் முளைத்தன. சட்டம் கேட்டது ஒரு பெண்ணை; ஒரு பெண் வந்துவிட்டார். செபி பிறகு விதியை இறுக்கியது. 2019 ஏப்ரலில் முதல் 500 நிறுவனங்களுக்கும், 2020 ஏப்ரலில் முதல் 1,000 நிறுவனங்களுக்கும், அந்தப் பெண் குடும்பத்துக்கு வெளியே இருந்து வரும் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்றாகியது.

அளவுகோலே கோணலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணுவம் சாட்சி. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராணுவம் தேர்வு நடத்தியது. ஆண்களுக்கு உள்ள அதே உடல்தகுதி விதிதான் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆண் அதிகாரிகள் அந்தச் சோதனையை எதிர்கொண்டது 25, 30 வயதில். பல ஆண்டுகள் வாய்ப்பே மறுக்கப்பட்டிருந்த பெண்களுக்கு அதே சோதனை 40-களின் நடுவிலும் அதற்குப் பிறகும் வந்தது. அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளும், ‘இவர் எப்படியும் நிரந்தரம் ஆகப்போவதில்லை’ என்ற நினைப்பில், ஏனோதானோவென்று எழுதப்பட்டவை. 2021 மார்ச்சில், அந்தப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்று சொன்னது. எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லும் எச்.ஆர். மேனேஜர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம். அப்ரைசல் நேரத்தில் உதவும்.

ஆபீசுக்கு வெளியே இருக்கும் தடைகளையும் பார்க்க வேண்டும் என்பதற்குக் கொச்சி மெட்ரோ கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். 2017-ல் மெட்ரோ தொடங்கியபோது 23 திருநர்களுக்கு வேலை கொடுத்து உலகத்தின் பாராட்டை வாங்கியது. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே 8 பேர் விட்டுவிட்டார்கள். மேலதிகாரி திட்டியதாலோ சக ஊழியர்கள் கேலி செய்ததாலோ இல்லை. நகரத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. கிடைத்த லாட்ஜ் வாடகைக்குச் சம்பளம் கட்டுபடியாகவில்லை. வேலை கொடுப்பதோடு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பது அப்போது புரிந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கும் இது பொருந்தும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, 150-க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களோடு வேலை பார்த்த பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்ட்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழ்நாடு அரசு திறந்தது. தங்குமிடத்தின் தரத்தைப் பன்மைத்துவ அறிக்கை எதுவும் கேட்பதில்லை.

‘தம்பிக்கு எந்த ஊர்?’

செபியின் அட்டவணையில் இல்லாத ஒரு வரிசை இருக்கிறது. சாதி.

ஆண், பெண், மாற்றுத்திறனாளி என்று கேட்கும் அறிக்கை, பணியாளர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. டாடா ஸ்டீல் போலத் தானாக முன்வந்து பட்டியல் சாதி, பழங்குடிப் பணியாளர் பங்கைச் சொல்லும் நிறுவனங்கள் மிகக் குறைவு. மற்றவர்களின் வழக்கமான பதில்: ‘எங்கள் ஆபீசில் யாரும் சாதி பார்ப்பதில்லை.’

பார்க்கிறார்களா இல்லையா என்பதை 2005-06-ல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே படிப்பும் ஒரே அனுபவமும் கொண்ட 4,800-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மட்டும். உயர்சாதி இந்துப் பெயருக்கு இன்டர்வியூ அழைப்பு கிடைக்கும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இது ஆள் நேரில் வருவதற்கு முன்பே, கவரைப் பிரித்ததும் நடந்தது.

அதே காலத்தில் ஆய்வாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பக்கத்து எச்.ஆர். மேனேஜர்களிடம் பேசினார்கள். நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே வாய்தான், இன்டர்வியூவில் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னது.

இந்தப் பெயர் விளையாட்டு தமிழ்நாட்டில் அவ்வளவாகச் செல்லாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயரின் சாதி வால்கள் மெல்ல மெல்ல உதிர்ந்து, பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல்தான் நிற்கிறது. அது பெரிய காரியம். அதற்காகக் கேட்பவர்கள் கேட்காமல் விட்டுவிடவில்லை. ‘தம்பிக்கு எந்த ஊர்?’ என்று ஆரம்பித்து, ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று நூல் பிடித்துப் போய்விடுவார்கள். கேன்டீனில் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மேல்மட்டத்தில் நிலைமை என்ன? நாட்டின் முன்னணி 1,000 நிறுவனங்களின் போர்டு உறுப்பினர்களைப் பற்றி 2012-ல் வந்த ஆய்வு ஒன்று, அவர்களில் சுமார் 93 சதவீதம் பேர் முற்பட்ட சாதியினர் என்றது. பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரும் சேர்ந்து 3.5 சதவீதம். இதைக்கூட ஆய்வாளர்கள் பெயரின் பின்னொட்டை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது, ஏனென்றால் வேறு தரவு இல்லை.

அரசுத் துறையின் குறைகள் ஊரறிந்தவை. ஆனால் அங்கே இடஒதுக்கீட்டு ரோஸ்டர் பதிவேடு இருக்கிறது, நிரப்பாத இடம் ‘பேக்லாக்’ என்று ஏட்டில் ஏறுகிறது, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டால் பதில் வருகிறது. 2022 டிசம்பரில் அப்படி ஒரு பதில் வந்தது: மத்திய அரசின் இணைச் செயலாளர், செயலாளர் நிலையில் இருந்த 322 பேரில் பட்டியல் சாதியினர் 16, பழங்குடியினர் 13, பிற்படுத்தப்பட்டோர் 39. வெட்கப்பட வேண்டிய எண்கள்தான். வெட்கப்படுவதற்காவது அங்கே எண் இருக்கிறது.

பெல்ஃபாஸ்டில் செய்தார்கள்

சாதியைக் கேட்பதே சாதியை வளர்ப்பதாகாதா? ஒளித்து வைத்திருக்கும் ஒருவரை எச்.ஆர். படிவம் காட்டிக்கொடுத்துவிடாதா? இரண்டும் நியாயமான பயம். முக்கியமாக இரண்டாவது. சாதி தெரிந்த மறுநாளிலிருந்து டீமில் பேச்சு மாறிய அனுபவம் பலருக்கு இருக்கிறது.

இதே பயங்களோடு இதைச் செய்து பார்த்த இடம், பெல்ஃபாஸ்டைத் தலைநகராகக் கொண்ட வட அயர்லாந்து. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டுகளும் தெருவில் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1989-ல் ஒரு சட்டம் வந்தது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் ஆணையத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். இன்று 10 பேருக்கு மேல் வைத்திருக்கும் எல்லாத் தனியார் முதலாளிகளுக்கும் அது பொருந்தும். ஊழியர் பதில் சொல்ல மறுத்தால் அவர் படித்த பள்ளியை வைத்துச் சமூகத்தை முடிவு செய்யலாம் என்றும் விதியில் இருக்கிறது. நம் ஊர் ‘எந்தத் தெரு’ கேள்விதான். ஆனால் அங்கே அதை ஓரம்கட்டுவதற்குக் கேட்காமல், கணக்கில் சேர்ப்பதற்குக் கேட்டார்கள். தனிநபர் விவரத்தை வெளியே விடுவது குற்றம்.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி வேறொரு பிரிவில் இருக்கிறது. வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் போதாது, விண்ணப்பித்தவர்களையும் எண்ண வேண்டும் என்றது. ஸ்ரீபெரும்புதூர் வாசலில் நாம் தேடிய எண் அதுதான். பெரிய நிறுவனங்கள் பதவி உயர்வு பெற்றவர்கள், விலகியவர்கள் கணக்கையும் தர வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை ஆள் எடுக்கும் முறை, பயிற்சி, பதவி உயர்வு எல்லாவற்றையும் மறுஆய்வு செய்ய வேண்டும். 1990-ல் கண்காணிப்புக்கு உட்பட்ட வேலைகளில் கத்தோலிக்கர் பங்கு சுமார் 35 சதவீதம். இப்போது ஏறக்குறைய சரிபாதி. மக்கள்தொகை மாறியதும் கல்வி பரவியதும் இதற்குக் காரணங்கள்தான். இருந்தாலும், கணக்கு கேட்டதால் பகை வளரவில்லை என்பது கண்கூடு.

அமெரிக்கா 1966 முதல் இனவாரிக் கணக்கு எடுக்கிறது. அதை வைத்து 708 நிறுவனங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஃபிராங்க் டாபின் குழுவினர் 2006-ல் சொன்ன முடிவு நம் எச்.ஆர். துறைகளுக்குக் கசக்கும். விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதால் மேலாளர் பதவிகளில் பெண்களோ கறுப்பினத்தவரோ கூடுவதில்லை. பன்மைத்துவத்துக்கு இன்னார் பொறுப்பு என்று ஒரு ஆளையோ குழுவையோ நியமித்து, அவரிடம் கணக்கு கேட்ட இடங்களில்தான் மாற்றம் தெரிந்தது. மார்ச் 8 அன்று கோலப் போட்டியும் ரோஜாப்பூவும் எந்த ஆய்விலும் பலன் தந்ததாக நான் படித்ததில்லை.

எண்ணால் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது என்பதும் உண்மை. ஒரு டீமில் ஒரே ஒரு பார்வை மாற்றுத்திறனாளி இருந்தால், ‘பெயர் போடாத’ சர்வேயில் அவர் எழுதியது எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே ஒரு நல்ல மேனேஜர் நேரில் உட்கார்ந்து பேசுவதுதான் அளவுகோல். அதோடு, செபியின் கை எட்டுவது 1,000 நிறுவனங்களுக்குத்தான். தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று சொல்வதற்கே 2021-ல் தமிழ்நாடு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே கடை ஊழியர்களின் கதையைச் சொன்ன ‘அங்காடித் தெரு’ படம் வந்து 11 ஆண்டுகள் கழித்து.

பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றில் நீங்கள் வேலை பார்த்தாலோ, பத்துப் பங்கு வைத்திருந்தாலோ, அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெண்கள் எத்தனை சதவீதம் என்பதைத் தாண்டி மூன்று இடங்களைப் பாருங்கள்: ஆண்-பெண் விலகல் விகிதம், மகப்பேறு விடுப்புக்குப் பின் ஓராண்டு நிலைத்தவர்கள், நடுநிலைச் சம்பளம். இடைவெளி பெரிதாக இருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஏன் என்று கேளுங்கள். பத்துப் பங்குக்காரருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. விண்ணப்பித்தவர்கள் கணக்கையும் சாதிவாரிக் கணக்கையும் அந்த அறிக்கையில் சேர்க்கும் அதிகாரம் செபியிடம் இருக்கிறது. அதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.